சோற்றுப் பொதியா, கொட்டகையா, கடதாசியா: எங்கள் பங்கு எதைப் பிடிப்பது?

எங்கள் கத்தோலிக்கப் பங்கின் அருட்பணிச் சபை வரும் மாதம் ஒரு முடிவுக்கு வரவேண்டும். முல்லைத்தீவுக் கரையோரத்தில் உள்ள சின்னப் பங்கு இது. ஓடியாடி வேலை செய்யக்கூடியவர்கள் என்று விரல் மடித்தால் பன்னிரண்டு பேர், அதில் மூன்று பேருக்கு அறுபது தாண்டிவிட்டது, இரண்டு பேர் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கிறார்கள், மிச்சப் பேரில் பாதி இரவு கடலுக்குப் போய் வந்து பகலில் கண்ணயர்கிறவர்கள். இவர்களை வைத்துக்கொண்டு சமூக நீதிக்காக ஒரு வருடத்தில் எதைச் செய்வது? எல்லாவற்றையும் தொட்டு எதையும் முடிக்காமல் விட்ட வருடங்கள் எங்களுக்கு நிறைய இருக்கின்றன. அதனால் இம்முறை ஒன்றைப் பிரதானமாகப் பிடிப்போம் என்று கூட்டத்தில் கதைத்தோம். நாலு வழி சொல்லப்பட்டது. நாலையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்து இதை எழுதுகிறேன். என் விருப்பம் எது என்பதை மறைக்கப் போவதில்லை. ஆனால் மற்ற மூன்றையும் சொன்னவர்களும் பட்டறிந்துதான் சொன்னார்கள், அவர்களுடைய நியாயத்தைக் குறைக்காமல் எழுதப் பார்க்கிறேன். மன்னாரில், கிளிநொச்சியில், வவுனியாவில் உள்ள பங்குகளிலும் இதே கதை ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைக்கிறேன்.

முதலில் எங்கள் வாசலில் நிற்கும் பிரச்சினைகள். மீள்குடியேறிப் பதினைந்து வருடம் கடந்தும் தன் காணிக்குள் கால் வைக்க முடியாத குடும்பங்கள் உண்டு, சிலரது காணியில் முகாம், சிலரது காணி வன இலாகாவின் எல்லைக்கல்லுக்குள். போர் முடிவில் பிள்ளையை இராணுவத்திடம் ஒப்படைத்துவிட்டுக் காத்திருக்கும் தாய்மார் உண்டு. நுண்கடன் எடுத்துவிட்டு, கிழமைக் கட்டணம் கேட்டு வருகிறவரின் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டால் பின்வாசலால் போகும் பெண்கள் உண்டு. கடலில் வெளிச்சம் பாய்ச்சி மீன் பிடிக்கிறவர்களாலும் வெளியூர்ப் படகுகளாலும் வலை வெறுமையாக வரும் தொழிலாளிகள் உண்டு. இந்த நாலும் சில வீடுகளில் ஒரே கூரையின் கீழ் இருக்கின்றன.

ஒப்பிடுவதற்கு ஒரு அளவுகோல் வேண்டும். எது அதிக பலன் தரும் என்று கேட்டால் வாக்குவாதம் முடியாது, ஒவ்வொருவரும் ஒவ்வொரு வெற்றியைச் சொல்வார்கள். நான் இரண்டு கேள்விகளைப் பிடித்திருக்கிறேன். காரியம் பிழைத்தால் அது யார் தலையில் விழும்? ஐந்து வருடம் கழித்தும் அந்தக் குடும்பத்தோடு யார் நிற்பார்?

இந்தக் கேள்விகள் எனக்கு ஒரு அக்காவிடமிருந்து வந்தவை. சில வருடங்களுக்கு முன் எங்கள் பங்கு ஒரு கவனயீர்ப்புப் போராட்டத்துக்கு ஆட்களைத் திரட்டியது, நானும் வீடு வீடாகப் போய்க் கூப்பிட்டேன். அந்த அக்கா முன்வரிசையில் படத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், அவருடைய முகம் பத்திரிகையில் வந்தது. பத்து நாள் கழித்து இரண்டு பேர் அவருடைய வீட்டுக்கு வந்து, யார் கூப்பிட்டது, யார் காசு தந்தது, மகன் எங்கே வேலை செய்கிறான் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அதற்குள் எங்கள் பங்குத்தந்தை மாற்றலாகிப் போய்விட்டார், நாங்களும் தவக்கால வேலைகளில் ஓடிக்கொண்டிருந்தோம். மூன்று மாதம் கழித்து நான் போனபோது அவர் கோபப்படவில்லை. தேத்தண்ணி ஊற்றித் தந்துவிட்டு, "கூப்பிடேக்க எல்லாரும் வந்தியள், அவங்கள் வரேக்க நான் தனிய நிண்டன்" என்று மட்டும் சொன்னார். அந்தச் சொல் எனக்குள் இன்னும் கிடக்கிறது.

சரி, முதலாவது வழி. கூட்டத்தில் வயதானவர்கள் எல்லோரும் சொன்னது இதுதான்: வின்சன் டி போல் சபை செய்வதையே பெரிதாகச் செய்வோம், அரிசி, பிள்ளைகளுக்குக் கொப்பி, கடன்பட்ட பெண்களுக்கு ஒரு சுழற்சி நிதி. இதைச் சின்ன விஷயம் என்று தள்ளுகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 2009இல், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமுக்குள்ளிருந்து ஒன்றுமில்லாமல் வந்தவர்களுக்கு ஒரு பாயும் ஒரு பானையும் என்னவாக இருந்தன என்பது வாங்கியவர்களுக்குத் தெரியும். திருச்சபையின் சமூக சேவை அமைப்புகளான மன்னார் வாழ்வுதயமும் யாழ்ப்பாண மறைமாவட்டக் கியூடெக்கும் இந்த வேலையைப் பல பத்து வருடங்களாகச் செய்து வருகின்றன, அந்த அமைப்புகளின் கையால் வந்த கிணறும் வள்ளமும் வீடும் வன்னி முழுக்க உண்டு. ஆபத்து என்று பார்த்தால் இதில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை, யாரும் விசாரிக்க வரமாட்டார்கள். நிலைத்து நிற்பதிலும் குறையில்லை, அந்தச் சபையின் பெரியவர்கள் முப்பது வருடமாக அதே வீடுகளுக்குப் போய் வருகிறார்கள்.

ஆனால் பொதி கொடுக்கும்போது ஏன் இந்த வீட்டில் அரிசி இல்லை என்ற கேள்வி படலைக்கு வெளியே நின்றுவிடுகிறது. காணி திரும்பக் கிடைத்தால் அந்தக் குடும்பத்துக்கு எங்கள் அரிசி தேவையில்லை, தோட்டம் செய்வார்கள். நுண்கடனிலும் அப்படித்தான். ஒரு பெண்ணின் கடனை அடைத்தால் அடுத்த கிழமை அதே ஒழுங்கையில் அடுத்த பெண்ணிடம் கையொப்பம் வாங்குகிறார்கள். 1971இல் உரோமையில் கூடிய ஆயர் மாமன்றம், நீதிக்காகச் செயற்படுவது நற்செய்தியை அறிவிப்பதிலிருந்து பிரிக்க முடியாத கூறு என்று எழுதிவைத்தது. அரை நூற்றாண்டு தாண்டியும் எங்கள் பங்குகளில் அது பிரசங்கத்துக்குள் வந்த அளவுக்கு வேலைக்குள் வரவில்லை.

இரண்டாவது வழி வீதி. இளையவர்கள் இதைத்தான் சொன்னார்கள், அவர்கள் சொன்னதில் வரலாறு இருக்கிறது. 2017ஆம் ஆண்டை நினைத்துப் பாருங்கள். ஜனவரி 31ஆம் திகதி முல்லைத்தீவின் பிலக்குடியிருப்பு மக்கள் தங்கள் காணியைக் கேட்டு விமானப்படை முகாமுக்கு முன்னால் வந்து இருந்தார்கள், சின்னப் பிள்ளைகளும் பள்ளிக்கூட உடுப்போடு அந்தக் கொட்டகைக்குள் படித்தார்கள், ஒரு மாதத்தில் காணி விடப்பட்டது. பெப்ரவரி 20 கிளிநொச்சியிலும், 24 வவுனியாவிலும், மார்ச் 8 முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் தொடர் போராட்டம் தொடங்கினார்கள். மார்ச் 23 மன்னாரின் முள்ளிக்குளம் மக்கள் தங்கள் ஊர் வாசலில் இருந்தார்கள். 2007 செப்டெம்பரில் அனுப்பப்பட்டவர்கள், அந்த ஊர் கடற்படைத் தளமாகிவிட்டது. ஏப்ரல் கடைசியில் 100 ஏக்கர் விடுவதாகக் கடற்படை ஒப்புக்கொண்டது. மே முதலாம் திகதி கிளிநொச்சிக் கரையிலுள்ள இரணைமாதாநகரில் இரணைதீவு மக்கள் தொடங்கினார்கள். 1992இல் தீவை விட்டு வந்தவர்கள். ஏறக்குறைய ஒரு வருடம் கரையில் இருந்து கேட்டுப் பார்த்துவிட்டு, 2018 ஏப்ரல் 23ஆம் திகதி வெள்ளைக் கொடி கட்டிய படகுகளில் ஏறித் தீவுக்குப் போய் இறங்கினார்கள், இறங்கியவர்கள் திரும்பி வரவில்லை. எங்கள் சமயத்து மீனவ மக்கள். அதைக் கேட்ட இரவு எங்கள் வீட்டில் யாரும் சரியாகத் தூங்கவில்லை, அவ்வளவு சந்தோசம்.

அதே பட்டியலின் மறுபக்கத்தையும் பார்க்கவேண்டும். பிலக்குடியிருப்புக்கு ஒரு மாதம் எடுத்தது. அதே வீதியில், அதே மாதிரிக் கொட்டகையில் இருந்த கேப்பாப்பிலவு மக்கள் வருடக்கணக்கில் இருந்தார்கள், துண்டு துண்டாகத்தான் ஏதோ கிடைத்தது. காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் இன்னும் இருக்கிறார்கள், பலர் அந்தப் படங்களுக்குக் கீழே இருந்து இருந்தே இறந்துபோனார்கள். வீதிப் போராட்டம் எவ்வளவு நாள் எடுக்கும் என்று முன்கூட்டியே யாராலும் சொல்ல முடியாது. வெயிலில் இருக்கிறவர்கள் கூலிக்குப் போகமுடியாது, கடலுக்குப் போகமுடியாது. எங்கள் கரையில் 2018 ஆகஸ்டில் நடந்ததும் மறக்கக்கூடியதல்ல. சட்டவிரோத மீன்பிடியை எதிர்த்து முல்லைத்தீவில் மீனவர்கள் வீதிக்கு இறங்கினார்கள், கோரிக்கை முழுக்க நியாயமானது, சில நாட்களில் நாயாற்றில் தமிழ் மீனவர்களின் வாடிகளும் (கரையோரக் குடில்களும்) படகுகளும் வலைகளும் எரிக்கப்பட்டன. எரிந்தது ஊர்வலத்தை ஒழுங்கு செய்தவர்களின் பொருள் இல்லை. கரையில் வாடி போட்டுப் பிழைத்தவர்களின் பொருள். என் முதலாவது கேள்விக்கு இதைவிடத் தெளிவான பதில் தேவையில்லை.

இதனால் வீதியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. இரணைதீவு, பிலக்குடியிருப்பு இரண்டிலும் முடிவெடுத்தவர்கள் பாதிக்கப்பட்ட மக்களே, குருக்களும் அருட்சகோதரிகளும் பக்கத்தில் நின்றார்கள். அந்த முறையில் எனக்குப் பூரண நம்பிக்கை உண்டு. மக்கள் கொட்டகை போட்டால் நாங்கள் தண்ணீரோடும் சமைத்த சாப்பாட்டோடும் இரவுக் காவலோடும் போகவேண்டும், அந்தப் பெண்களின் வீட்டுக்கு விசாரணை வந்தால் அன்றைக்கே போய் நிற்கவேண்டும். பங்கு தானாகத் திட்டம் போட்டு, தன் பதாகையைப் பிடித்து, அவர்களை முன்னால் நிறுத்துவதைத்தான் வேண்டாம் என்கிறேன். நாங்கள் அதைச் செய்தோம், அந்த அக்காவிடம் இன்னும் நான் மன்னிப்புக் கேட்டு முடிக்கவில்லை.

மூன்றாவது வழி ஆயர் இல்லம். பெரிய விஷயங்களை மறைமாவட்ட நீதி சமாதான ஆணைக்குழுவிடம் கொடுப்போம், ஆயர் ஜனாதிபதியைச் சந்திக்கும்போது சொல்வார், நாங்கள் மகஜர் எழுதிக் கொடுத்தால் போதும் என்றார் ஒருவர். இதன் பலம் உண்மையான பலம். சாதாரண ஆளைக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் மணிக்கணக்கில் நிற்கவைக்கிறவர்கள் ஆயரின் தொலைபேசியை எடுப்பார்கள். ஆபத்தும் பரவலாகப் பகிரப்படுகிறது, ஒரு விதவையின் பெயருக்குப் பதிலாக ஒரு மறைமாவட்டத்தின் பெயர் கடிதத்தில் இருக்கும். இந்தப் பலத்துக்குக் குருக்கள் கொடுத்த விலை சின்னதில்லை. 1985 ஜனவரி 6ஆம் திகதி வங்காலையில் மேரி பஸ்ரியன் அடிகளார் கொல்லப்பட்டார். 2009 மே 18ஆம் திகதி சரணடைந்தவர்களோடு போன பிரான்சிஸ் யோசப் அடிகளார் இன்றுவரை திரும்பவில்லை. இவர்கள் யாருடைய பெயரையும் ஒரு பந்தியில் அடக்கிவிட்டுப் போக எனக்கு மனமில்லை. ஆனால் வன்னியில் பங்கு என்றால் என்ன என்று வெளியில் உள்ளவர்களுக்கு இதைச் சொல்லாமல் விளங்கவைக்கவும் முடியாது.

குறை எங்கே என்றால், மேலே போன விஷயம் பெரும்பாலும் கீழே திரும்பி வருவதில்லை. மகஜர் கொடுத்தோம், படம் எடுத்தோம், பிறகு? அந்தக் குடும்பம் என்னிடம் வந்து கேட்கும், நான் பங்குமனையில் கேட்பேன், அங்கிருந்து மேலே கேட்பார்கள். இன்னொன்று, வன்னி இரண்டு மறைமாவட்டமாகப் பிரிந்து கிடக்கிறது. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் யாழ்ப்பாணத்தோடு, வவுனியா 1981இல் உருவான மன்னார் மறைமாவட்டத்தோடு. ஒரே பிரச்சினைக்கு, உதாரணமாக வன இலாகா எல்லைக்கல் விஷயத்துக்கு, இரண்டு இடத்தில் தனித்தனியாகக் கதைக்கவேண்டி வருகிறது. பங்குத்தந்தையரும் சில வருடத்துக்கு ஒருமுறை மாறுவார்கள், அது திருச்சபையின் ஒழுங்கு, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் விஷயம் முழுவதும் அவருடைய மனதிலும் அவருடைய கைத்தொலைபேசியிலும் இருந்தால் அவரோடு சேர்ந்து அதுவும் மாற்றலாகிப் போய்விடும். எங்கள் பங்கில் இது இரண்டு தடவை நடந்திருக்கிறது.

நாலாவது வழியைச் சொன்னது நானும், பாடசாலையில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவரும். கடதாசி வழி என்று நாங்களே பெயர் வைத்தோம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கோப்பு, ஒவ்வொரு கோப்புக்கும் ஒரு கேள்வி, அந்தக் கேள்வியைச் சட்டம் தந்த வழியில் உரிய அலுவலகத்துக்கு எழுதிக் கேட்பது, பதில் வராவிட்டால் அடுத்த படிக்குப் போவது. கேட்டவுடன் கூட்டத்தில் கொட்டாவி வந்தது உண்மை. இளையவர்களுக்கு இது பயந்தவர்களின் வழியாகத் தெரிந்தது. அதனால் இதைக் கொஞ்சம் நிறுத்தி நிதானமாக எழுதவேண்டும்.

2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, போரைப் பற்றி விசாரிக்க அரசு அமைத்த நல்லிணக்க ஆணைக்குழு முன் என்ன செய்தார்? கச்சேரிகளின் கணக்கையும் ஐ.நா.வின் கணக்கையும் எடுத்துவைத்தார். 2008 அக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். ஐ.நா. கணக்கின்படி 2009 ஜூலை 10 வரை அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தவர்கள் 282,380 பேர். கழித்தால் 146,679. இவர்கள் எங்கே என்று கேட்டார். எத்தனையோ அறிக்கைகள் வந்தன, எத்தனையோ கூட்டங்கள் நடந்தன, அந்தக் கழித்தல் கணக்கை இன்றுவரை யாராலும் தள்ளிவிட முடியவில்லை, ஏனென்றால் கழித்த இரண்டு எண்ணில் ஒன்று அரச அலுவலகத்தின் எண், மற்றது ஐ.நா.வின் எண். ஆண்டகை 2021 ஏப்ரலில் காலமானார். அவர் கேட்ட கேள்வி அப்படியே நிற்கிறது.

எங்கள் கையில் இப்போது என்ன கருவி இருக்கிறது? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரியிலிருந்து நடைமுறையில் உள்ளது. எந்தப் பிரஜையும் கேட்கலாம், ஏன் கேட்கிறாய் என்று அவர்கள் கேட்கமுடியாது, தமிழில் எழுதலாம், எழுதத் தெரியாவிட்டால் வாயால் சொன்னதை அங்குள்ள தகவல் அலுவலரே எழுதிக்கொள்ளவேண்டும். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்லவேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடம் மேன்முறையீடு, அதற்கும் மறுத்தால் கொழும்பிலுள்ள ஆணைக்குழு. ஒருவரின் உயிர், தனிப்பட்ட சுதந்திரம் பற்றிய தகவல் என்றால் 48 மணித்தியாலம். தேசிய பாதுகாப்பு என்று சொல்லி மறுக்க இடமிருக்கிறது, முகாம் காணி விஷயத்தில் அதைச் சொல்வார்கள். சொல்லட்டும், அதையும் எழுத்தில் வாங்குவோம். "உன்ர காணி விவகாரம் மேல போயிருக்கு" என்று வாயால் சொல்லி அனுப்புவதற்கும், இந்தக் காணி இந்தத் திகதியில் இந்தக் கட்டளையின் கீழ் எடுக்கப்பட்டது, அல்லது எந்தக் கட்டளையும் இல்லை என்று ஒரு கடிதம் கையில் இருப்பதற்கும் உள்ள தூரம் பெரியது.

அப்புறம் திகதி. எங்கள் மக்கள் தோற்ற இடங்களில் பாதி, நியாயம் இல்லாமல் தோற்றதில்லை, திகதி தெரியாமல் தோற்றது. அரச அதிகாரி ஒருவரால் அடிப்படை உரிமை மீறப்பட்டால் உயர் நீதிமன்றத்துக்குப் போக ஒரு மாதம்தான். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்துவிட்டால், அங்கு விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் அந்தக் கணக்கில் சேராது. இதை அறிந்த மூப்பர் ஒருவர் பங்கில் இருந்தாலே எத்தனை பேரின் வழி மூடப்படாமல் இருந்திருக்கும். ஆணைக்குழுவின் பிராந்திய அலுவலகம் வவுனியாவில் இருக்கிறது, தொலைபேசி 1996. போரால் காணிக்குப் போகமுடியாதவர்களின் காணியில் வேறொருவர் இருந்து ஆட்சியுரிமை கோருவதற்கு எதிராக 2016இல் ஒரு விசேட சட்டம் வந்தது, வழக்குப் போட இரண்டு வருடம் தந்தது. அந்த இரண்டு வருடமும் எங்கள் ஆலயத்தில் அதைப்பற்றி ஒரு அறிவித்தல்கூட வாசிக்கப்படவில்லை. திருவிழாக் கொடியேற்ற நேரமெல்லாம் மூன்று தடவை வாசித்தோம்.

அண்மைய உதாரணம் இன்னும் உறைக்கும். 2025 மார்ச் 28ஆம் திகதி வர்த்தமானியில் ஒரு அறிவித்தல் வந்தது, வட மாகாணத்தில் ஏறக்குறைய 5,940 ஏக்கர், அதில் முல்லைத்தீவு, கிளிநொச்சி, மன்னார் காணிகளும் அடக்கம், மூன்று மாதத்துக்குள் உரிமை கோராவிட்டால் அரச காணியாகும் நிலை. இடம்பெயர்ந்து இந்தியாவிலும் கனடாவிலும் இருப்பவர்கள், உறுதி தொலைந்தவர்கள் மூன்று மாதத்தில் என்ன செய்வார்கள்? விஷயம் உயர் நீதிமன்றத்துக்குப் போனது, ஜூன் கடைசியில் இடைக்காலத் தடை வந்தது, அரசாங்கம் அறிவித்தலை மீளப் பெற்றது. யாரோ வர்த்தமானியை வாசித்தார்கள், யாரோ கடதாசியை ஒழுங்காக வைத்திருந்தார்கள், அதனால் நின்றது. அடுத்தது வரும்போது எங்கள் பங்கில் அதை வாசிக்க ஒருவர் இருக்கவேண்டும் என்பதுதான் நான் கேட்பது.

இந்த வழியின் குறைகளையும் எழுதவேண்டும். இது மெதுவானது. பதிலுக்குக் காத்திருந்து மேன்முறையீட்டுக்குக் காத்திருந்து வருடம் ஓடிவிடும், அதற்குள் இருமி இருமிப் படுத்திருக்கும் தகப்பன் போய்விடுவார். தனியார் கடன் நிறுவனத்துக்கு எதிராக அடிப்படை உரிமை மனு போடமுடியாது, அது அரச நடவடிக்கைக்கு எதிரானது மட்டும். அந்தப் பெண்களுக்காக நாங்கள் செய்யக்கூடியது, அந்த நிறுவனத்துக்கு அனுமதிப்பத்திரம் இருக்கிறதா என்று மத்திய வங்கியிடம் கேட்பது, ஒப்பந்தத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்குவது, இரவில் வந்து மிரட்டினால் பொலிஸில் முறைப்பாட்டை எழுதவைப்பது, அவ்வளவுதான். கடதாசி பாதுகாப்பானது என்றும் யாரும் நினைக்கக்கூடாது. வடக்குக் கிழக்கு மனித உரிமைகள் செயலகத்தின் தலைவராக இருந்து மீறல்களைப் பதிவு செய்த கருணாரட்ணம் அடிகளார், எங்கள் கிளி பாதர், 2008 ஏப்ரல் 20ஆம் திகதி ஞாயிறு பூசை முடித்து வரும் வழியில் கிளைமோர்க் கண்ணிவெடியில் கொல்லப்பட்டார். பதிவு செய்வது எவ்வளவு பெரிய காரியம் என்பது அதைத் தடுக்க நினைத்தவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

என் இரண்டு கேள்விகளை இப்போது வைத்துப் பார்க்கிறேன். பிழைத்தால் யார் தலையில்? விண்ணப்பத்தில் பங்கிலுள்ள வேறொருவர் தன் பெயரைப் போடலாம், எந்தப் பிரஜையும் கேட்கலாம் என்று சட்டம் சொல்வதால் அந்தத் தாயின் பெயர் போகத் தேவையே இல்லை. நாலு வழியிலும் இந்த வசதி முழுமையாக இருப்பது இதில்தான். ஐந்து வருடம் கழித்து யார்? கோப்பு நிற்கும். பங்குத்தந்தை மாறினாலும், நான் செத்தாலும், அடுத்தவர் முதல் பக்கத்திலிருந்து வாசிக்கலாம். இந்த இரண்டுக்காகவும்தான் என் வாக்கு இதற்கு. லூக்கா நற்செய்தியின் 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணை நினைத்துக்கொள்கிறேன். நேர்மையில்லாத நடுவரிடம் அவள் ஓயாமல் போய்க்கொண்டே இருந்தாள், கடைசியில் தொல்லை தாங்காமல் நீதி வழங்கினான். அவளோடு கூடப்போக ஊரில் ஒருவரும் இருந்ததாக அந்த உவமையில் இல்லை, எங்கள் பங்கு செய்யக்கூடியது அந்த இடத்தை நிரப்புவது.

ஒரு விஷயத்தில் நான் கூட்டத்திலேயே என் கருத்தை மாற்றினேன். இது பங்கின் வேலையாக மட்டும் இருக்கக்கூடாது. முல்லைத்தீவில் நாங்கள் சிறுபான்மை, எங்கள் ஒழுங்கையிலேயே பாதி வீடு வற்றாப்பளை அம்மனுக்கு நேர்த்தி வைக்கிற வீடு, காணி போனதில் சமயம் பார்க்கப்படவில்லை. ஆலய மண்டபத்தில் மேசை போட்டால் அவர்கள் வரத் தயங்குவார்கள். மன்னாரில் பிரஜைகள் குழு என்ற வடிவம் நெடுங்காலமாக இருக்கிறது, குருக்களும் மற்றச் சமயத்தவர்களும் சேர்ந்து இருக்கிறார்கள். 2025இல் தீவில் புதிய காற்றாலைகளுக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, மூன்று சமயத்தவர்களும் ஒன்றாக நின்றதால்தான் ஆகஸ்டில் வேலை ஒரு மாதம் நிறுத்தப்பட்டது என்று நான் நம்புகிறேன். செப்டெம்பர் கடைசியில் பொலிஸ் காவலோடு பாகங்கள் கொண்டுவரப்பட்டு மக்கள் அடிவாங்கியதும் நடந்தது, அதையும் சேர்த்தே சொல்கிறேன். எங்களுக்கு அவ்வளவு பெரிய குழு தேவையில்லை. மீனவர் சங்கத்தில் ஒருவர், மாதர் சங்கத்தில் ஒருவர், கோயில் பரிபாலன சபையில் ஒருவர், எங்களில் இருவர். மேசை கிராம அபிவிருத்திச் சங்கக் கட்டடத்தில்.

நடைமுறை இப்படி நினைத்திருக்கிறோம். ஞாயிறு பூசைக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம். மூல உறுதியையோ பெமிட்டையோ (காணி அனுமதிப்பத்திரம்) யாரிடமும் வாங்கிவைக்கக்கூடாது, பார்த்துப் படம் எடுத்துவிட்டு அவர்கள் கையிலேயே திரும்பக் கொடுக்கவேண்டும், அதில் விட்டுக்கொடுப்பே இல்லை. எழுதியதை அவர்களுக்கு வாசித்துக் காட்டி, அனுப்பலாமா என்று கேட்டு, ஓம் என்றால் மட்டும் அனுப்புவது. எல்லாம் பதிவுத் தபால், பற்றுச்சீட்டு கோப்பில். ஒரு பிரதி ஊரில், ஒரு பிரதி ஊருக்கு வெளியே. உயர்தரம் படிக்கும் பிள்ளைகள் இருவரும் தட்டச்சு செய்ய முன்வந்திருக்கிறார்கள், அவர்கள் பெயர் எந்தக் கடிதத்திலும் வராது. வருடத்துக்கு பதினைந்து கோப்பு, அதற்கு மேல் எடுக்கமாட்டோம். அரிசி கொடுக்கும் பெரியவர்கள் தங்கள் வேலையைத் தொடர்வார்கள், எந்த வீட்டில் எந்தக் கடதாசி இருக்கிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். மறுப்புக் கடிதங்கள் சேர்ந்ததும் ஆயர் இல்லத்துக்கு அந்தக் கடிதக் கட்டையே கொடுப்போம், வெறும் மகஜரை அல்ல. மக்கள் தாங்களாக வீதிக்கு இறங்க முடிவெடுத்தால் எங்கள் பன்னிரண்டு பேரும் தண்ணீரோடு போவோம்.

வாக்கெடுப்புக்கு இன்னும் மூன்று கிழமை இருக்கிறது. அதற்கு முன் முதல் கோப்பு திறந்துவிட்டது, திட்டமிட்டுச் செய்ததில்லை. போன ஞாயிறு அந்த அக்கா தானாக வந்தார், கையில் ஒரு சொப்பிங் பை, அதற்குள் இன்னொரு பை, அதற்குள் நாலாக மடித்த பெமிட். இறுதிப் போரின்போது மாத்தளனிலிருந்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தது, கடல் தண்ணீர் பட்டு மை பரவி, இலக்கத்தின் கடைசி இரண்டு எண்ணும் வாசிக்க முடியாமல் இருக்கிறது. பிரதேச செயலகத்தின் பதிவேட்டில் அந்த இரண்டு எண்ணும் இருக்கவேண்டும். திங்கட்கிழமை காலை எட்டரை பஸ்ஸில் போய்க் கேட்கப் போகிறோம், விண்ணப்பம் என் பெயரில், அக்கா என் பக்கத்தில் இருப்பார்.